குடோன் சாஃப்ட்வேர் வாங்கப் போற தங்கச்சிக்கு அக்காவோட டிப்ஸ்

தங்கச்சி, செங்குன்றம் குடோனுக்கு நாலாவது பார்ட்டி வர்றாங்கன்னு கேட்டதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிஸ்கட், சோப்பு, ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ், இப்போ ஆன்லைன்ல துணி விக்கிறவங்க. இனிமே எக்ஸெல்லையும் நோட்டையும் வச்சு ஓட்ட முடியாதுன்னு நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா மூணு கம்பெனி டெமோ பார்த்துட்டு "மூணுமே நல்லாத்தான்க்கா இருக்கு"ன்னு சொன்னே பாரு, அங்கதான் உன்னைக் கொஞ்சம் நிறுத்தணும். டெமோவுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அவங்க டேட்டா, அவங்க பார்கோடு, அவங்க பழகின வரிசை. மாசக் கடைசி சாயங்காலம் ஆறு மணிக்கு உன் குடோன் வாசல்ல அஞ்சு லாரி நிக்கும்போது அது எப்படி வேலை செய்யும்னுதான் நமக்குத் தெரியணும்.

அடுத்தவங்க சரக்கை இறக்கி, வச்சு, எடுத்து அனுப்புற நம்ம தொழில்ல சாஃப்ட்வேரை ரெண்டே கேள்வி வச்சு அளந்தா போதும்னு நான் நம்புறேன். ஒருத்தர் சரக்கு இன்னொருத்தர் கணக்குல ஏறாம அது தடுக்குமா? நம்ம ஆளுங்க செஞ்ச வேலை ஒண்ணுகூட விடுபடாம பில்லுக்கு வந்து சேருமா? இந்த ரெண்டையும் உன் கண்ணால பார்த்துட்டா மத்ததைப் பேசிச் சரி பண்ணிக்கலாம். டாஷ்போர்டு, கலர் கலரா கிராஃப், ஏஐ எல்லாம் அதுக்கப்புறம்.

சரக்கு யாரோடதுங்கிறது ஒவ்வொரு வரியிலயும் இருக்கணும்

சொந்தமா வாங்கி விக்கிறவங்க குடோன்ல பத்து பெட்டி குறைஞ்சா அது அவங்க நஷ்டம், அவங்களுக்குள்ளயே முடிஞ்சிடும். நாம இரவல் நகை போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போறவங்க. திருகாணி காணாமப் போனாலும் பதில் சொல்லியாகணும்.

சட்டமும் இதைத்தான் கேக்குது. ஜிஎஸ்டி விதி 58-ஐ உன் ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லு. குடோன் நடத்துறவங்க சரக்கைப் பொருள்வாரியா, உரிமையாளர்வாரியா அடையாளம் தெரியுற மாதிரி வச்சிருக்கணும், அதிகாரி வந்து கேட்டா சரிபார்க்க வசதி செஞ்சு தரணும்னு அதுல இருக்கு. எந்தச் சரக்கு எவ்வளவு நாள் இருந்தது, எப்போ வந்தது, எப்போ போச்சுங்கிற கணக்கும் நாமதான் வைக்கணும். பார்ட்டிங்க அவங்க ஜிஎஸ்டி பதிவுல நம்ம குடோனைக் கூடுதல் தொழில் இடமா சேர்த்திருப்பாங்க. அதனால அவங்க பேர்ல வர்ற கேள்விக்கும் நம்ம கணக்கைத்தான் புரட்டுவாங்க.

ஒரே கம்பெனியோட சரக்குக்காக எழுதின சாஃப்ட்வேரை நமக்கு விக்க வர்றவங்க உண்டு. "கஸ்டமர் பேரை ஒரு தனி ஃபீல்டுல போட்டுக்கலாம் மேடம்"னு சொல்லுவாங்க. அதைக் கண்டுபிடிக்க சுலபமான சோதனை இருக்கு. டெமோவுல ரெண்டு பார்ட்டியை உண்டாக்கச் சொல்லு. ரெண்டு பேருக்கும் ‘1001’ங்கிற ஒரே ஐட்டம் நம்பரைக் கொடு. ஒருத்தருக்கு அது பிஸ்கட், இன்னொருத்தருக்கு பிரேக் ஷூ. நம்பர் ஏற்கெனவே இருக்குன்னு சாஃப்ட்வேர் முரண்டு பிடிச்சாலோ, "முன்னாடி ஒரு எழுத்து சேர்த்துக்கோங்க"ன்னு அவங்க சொன்னாலோ, அது பல பார்ட்டிக்காகப் பொறந்த சாஃப்ட்வேர் கிடையாது. அப்புறம் ஒரு பார்ட்டியோட லாகின்ல நுழைஞ்சு தேடல் பெட்டியில இன்னொரு பார்ட்டியோட ஐட்டம் பேரை அடிச்சுப் பாரு. ரிப்போர்ட்டை எக்ஸெல்லா இறக்கியும் பாரு. திரையில மறைச்சு வச்சது எக்ஸெல்ல வெளிய வந்துடறது உண்டு. சோப்பு பார்ட்டியோட விற்பனைக் கணக்கு அடுத்த பார்ட்டி கண்ணுல பட்டா அன்னியோட உன் பேரு போயிடும்.

ஒரே சோப்பு, ரெண்டு விலை

வெளிநாட்டு சாஃப்ட்வேருங்க நம்ம ஊர்ல தடுமாறுற இடம் எம்ஆர்பி. நிறைய நாடுகள்ல பெட்டிமேல அதிகபட்ச விலை அச்சடிக்கிற வழக்கம் கிடையாது. அதனால அந்த சாஃப்ட்வேர்ல பேட்ச் இருக்கும், எக்ஸ்பைரி இருக்கும், எம்ஆர்பிக்கு இடம் இருக்காது.

2025 செப்டம்பர் 22-ஐ நினைச்சுப் பாரு. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்டுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. பார்கோடு அதேதான், ஐட்டம் அதேதான், ஆனா ஒரே ரேக்ல பழைய விலைப் பெட்டியும் புது விலைப் பெட்டியும் பக்கத்துல பக்கத்துல. கையில இருக்கிற ஸ்டாக்குக்குக் குறைஞ்ச விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்னு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. யார் ஒட்டினது? நம்மள மாதிரி குடோன்ல இருக்கிற பெண்கள்தான், உக்காந்து பெட்டி பெட்டியா பிரிச்சு ஒட்டினாங்க. எந்தப் பெட்டி ஒட்டியாச்சு, எது பாக்கின்னு சாஃப்ட்வேர்ல தனித்தனியா தெரிஞ்ச குடோன் அதைச் சமாளிச்சது. தெரியாத இடத்துல மொத்த எண்ணிக்கை டேலி ஆகும், ஆனா கடைக்குப் போற பில்லுல ஒரு விலை, பெட்டியில ஒரு விலை. கடைக்காரர் இறக்க மாட்டார், லாரி திரும்பி வரும், ரெண்டு பக்க வாடகையும் யார் தலையிலன்னு பஞ்சாயத்து நடக்கும்.

அதனால டெமோவுக்கு நீயே ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போ. ஒரே சோப்பு, ஒரே பார்கோடு, வேற வேற எம்ஆர்பி. ரெண்டையும் ரேக்ல ஒரே பின்ல (தட்டுல) ஏத்தச் சொல்லு. அப்புறம் புது எம்ஆர்பிக்கு மட்டும் ஆர்டர் போடு. ஸ்கேனர்ல பழைய பெட்டியை அடிச்சா அது கத்தணும். கத்தலைன்னா, "நாங்க டெவலப் பண்ணித் தர்றோம்"னு சொன்னா, அந்த வார்த்தையை எழுதி வாங்கிக்கோ. செஞ்சு காட்டுற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

பிஸ்கட்டுக்கு எக்ஸ்பைரி இதே மாதிரி. முதல்ல வந்தது முதல்ல போகணுங்கிறது போதாது. முதல்ல காலாவதி ஆகுறது முதல்ல போகணும். அதோட பெரிய சூப்பர் மார்க்கெட்டுங்க, ஆயுசு குறைஞ்ச சரக்கை இறக்கவே விட மாட்டாங்க. இந்தக் கடைக்கு இவ்வளவு நாள் ஆயுசு மிச்சம் இருக்கிறதுதான் போகணும்னு கடைவாரியா அமைக்க முடியுதான்னு கேளு. ஸ்பேர் பார்ட்ஸுக்கு எக்ஸ்பைரி வேண்டாம், சிலதுக்கு சீரியல் நம்பர் வேணும். துணிக்கு சைஸும் கலரும் வேணும். ஒரு பார்ட்டிக்குக் கேக்கிறதை இன்னொரு பார்ட்டிக்குக் கேக்காம இருக்கணும். இல்லைன்னா பிரேக் ஷூவுக்கு எக்ஸ்பைரி கேட்டு ஸ்கேனர் நிக்கும், பையன் ஏதோ ஒரு தேதியை அடிச்சுட்டுப் போவான்.

பில்லு போடத் தெரியாதது நமக்கு வேண்டாம்

பெரும்பாலும் டெமோவுல பில்லிங்கைக் கடைசியில ரெண்டு நிமிஷம் காட்டுவாங்க. நீ அதையே முதல்ல கேளு. நம்ம வருமானம் முழுக்க அங்கதான் இருக்கு.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். முப்பது நாள் மாசம். ஒண்ணாம் தேதி ஒரு பார்ட்டிக்கு 100 பேலட் இருக்கு. 10-ம் தேதி 60 பேலட் வருது. 20-ம் தேதி 90 போகுது. பேலட்டுக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய்னு உதாரணத்துக்கு வச்சுக்கோ. தினமும் ராத்திரி மிச்சமிருக்கிற ஸ்டாக்கைக் கணக்கெடுத்தா முதல் 9 நாள் 900, அடுத்த 10 நாள் 1,600, கடைசி 11 நாள் 770, ஆக மொத்தம் 3,270 பேலட் நாள். பில்லு 19,620 ரூபாய். மாசத்துல எட்டின உச்சத்துக்கு, அதாவது 160 பேலட்டுக்கு, முழு மாசம் போட்டா 28,800. மாச ஆரம்ப ஸ்டாக்கையும் முடிவு ஸ்டாக்கையும் கூட்டிப் பாதியாக்கினா 85 பேலட், 15,300 தான் வரும். சரக்கு போன நாளுக்கும் வாடகை உண்டுன்னு பேசியிருந்தா முதல் கணக்குல 90 பேலட் நாள் கூடி 20,160 ஆகும். குறைஞ்சபட்சம் 120 பேலட்டுக்குப் பணம் தர்றதா அந்தப் பார்ட்டி ஒத்துக்கிட்டிருந்தா 21,600.

பார்த்தியா, ஒரே சரக்கு, ஒரே மாசம், அஞ்சு விதமான பில்லு. எது சரின்னு உன் அக்ரிமென்ட்தான் சொல்லும். நாலு பார்ட்டிக்கு நாலு விதமா பேசியிருப்பே. பிஸ்கட்டுக்குப் பேலட் கணக்கு, ஸ்பேர் பார்ட்ஸுக்குச் சதுர அடி, சோப்புக்குப் பதினஞ்சு நாள் ஸ்லாப், துணிக்கு ஆர்டருக்கு இவ்வளவுன்னு இருக்கலாம். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துட்டுப் போய் சாஃப்ட்வேர்ல போடச் சொல்லு. உன் காகிதத்துல வந்த தொகை திரையில வரணும். "ரிப்போர்ட்டை எக்ஸெல்ல எடுத்து நீங்க கணக்கு போட்டுக்கலாம்"னு சொன்னா, எழுந்து வந்துடு. எக்ஸெல்ல இருந்து தப்பிக்கத்தானே அங்க போனே?

வாடகையாவது எப்படியும் பில்லுல ஏறிடும். சத்தமில்லாம ஒழுகுறது கை வேலைங்கதான். இறக்குகூலி, ஏத்துகூலி, கலந்து வந்த லோடைப் பிரிச்சு அடுக்கினது, ஸ்டிக்கர் ஒட்டினது, ரெண்டு சோப்பு ஒரு பேஸ்ட் சேர்த்து காம்போ கட்டினது, நனைஞ்ச பெட்டியை மாத்தினது, ரிட்டர்னைப் பிரிச்சுப் பார்த்தது, ஞாயித்துக்கிழமை குடோனைத் திறந்தது. இதெல்லாம் வேலை நடக்கிற அந்த நிமிஷத்துலயே ஸ்கேனர்ல பதிவாகணும். சூப்பர்வைசர் மாசக் கடைசியில ஞாபகத்துல இருந்து எழுதுற லிஸ்ட்ல பாதிதான் வரும். வந்த பாதியையும் பார்ட்டி "ஆதாரம் எங்க"ன்னு கேப்பாங்க. தேதி, நேரம், எத்தனை பெட்டி, யார் சொல்லிச் செஞ்சது, முடிஞ்சா ஒரு போட்டோ. இவ்வளவும் பில்லு வரியோட ஒட்டியிருந்தா பேச்சே எழாது. அந்த ஸ்டிக்கர் வேலைக்கு ராத்திரி வரைக்கும் உக்காந்த பெண்களோட கூலியை நீ கையில இருந்து கொடுக்கிற நிலைமை வரக்கூடாதுன்னுதான் நான் இவ்வளவு சொல்றேன்.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம் பில்லிங்லயே கேட்டுடு. வருஷா வருஷம் ரேட் ஏறும்போது தேதி போட்டு ஏத்த முடியணும். பழைய ரேட்டை அழிச்சு எழுதினா போன மாச பில்லைத் திரும்ப எடுத்தா தொகை மாறிடும். பில்லு நேரா டேலிக்குப் போகணும். உன் டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டினா நம்ம சர்வீஸ் பில்லுக்கும் இ-இன்வாய்ஸ் வேணும், 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து அப்படித்தான். அதுக்கான ஐஆர்என் நம்பரை குடோன் சாஃப்ட்வேரே எடுக்குமா, டேலியில இருந்து எடுக்கணுமான்னு இப்பவே முடிவு பண்ணிக்கோ. ரெண்டு இடத்துலயும் எடுக்கிற மாதிரி விட்டுடாதே.

லாரி கிளம்புறதுக்கு முன்னாடி

இ-வே பில்லுல தப்பு நடந்தா பெரிய தண்டனை வரலாம். மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல இருந்தா வேணும்; தமிழ்நாட்டுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல. பார்ட்டி அவங்க ஆபீஸ்ல இருந்தே முதல் பகுதியைப் போட்டுடுவாங்க. வண்டி நம்பர் போடுற பார்ட் பி பல சமயம் நம்ம தலையில விழும். கேட்ல செக்யூரிட்டி எழுதுற வண்டி நம்பர் ஒண்ணு, இ-வே பில்லுல இருக்கிறது ஒண்ணுன்னா வழியில வண்டியைப் பிடிச்சு நிறுத்திடுவாங்க. அதனால கேட்ல ஒரு தடவை பதிவாகுற வண்டி நம்பர்தான் டிஸ்பாட்ச் ஷீட்டுக்கும் பார்ட் பிக்கும் போகணும், யாரும் திரும்ப டைப் அடிக்கக் கூடாது. செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்ங்கிறதால, ராத்திரி லோடு ஏத்தாம நின்னுபோன வண்டிங்களைக் காட்டுற லிஸ்ட் ஒண்ணும் கேளு.

அடுத்தது, பார்ட்டியோட சிஸ்டம். பெரிய கம்பெனிங்க அவங்க எஸ்ஏபி லாகினையே கொடுத்து "இதுலயே பண்ணுங்க"ன்னு சொல்லிடுவாங்க. அப்போ உன் ஆளு அதுல ஒரு தடவை, நம்ம சாஃப்ட்வேர்ல ஒரு தடவைன்னு ரெண்டு தடவை அடிப்பான். ஒரு வாரத்துல ரெண்டும் வேற வேற ஸ்டாக் காட்டும். ரெண்டு சிஸ்டத்துக்கும் இணைப்பு இல்லாம அந்த வேலையை ஒத்துக்காதே. ஒவ்வொரு பார்ட்டியையும் இணைக்க சாஃப்ட்வேர் கம்பெனி எவ்வளவு கேப்பாங்க, எத்தனை வாரம் ஆகும், அடுத்த பார்ட்டி வந்தா அவங்களைக் கூப்பிடாம நம்ம ஆபீஸ் பொண்ணே அமைக்க முடியுமா? இந்த மூணையும் கேட்டா விலைப்பட்டியல்ல இல்லாத செலவு வெளிய வரும். சாஃப்ட்வேரோட மாச வாடகை குறைவா இருக்கேன்னு எடுத்து, பார்ட்டிக்குப் பார்ட்டி இணைப்புக் கட்டணம் கட்டிக் களைச்சுப் போனவங்களை எனக்குத் தெரியும்.

சாஃப்ட்வேர் விலையையும் இங்கயே சொல்லிடறேன். ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குறவங்க உண்டு, ஆர்டருக்கு இவ்வளவுன்னும் உண்டு, குடோனுக்கு இவ்வளவுன்னும் உண்டு. துணி பார்ட்டிக்குச் சின்னச் சின்ன ஆர்டரா நிறைய வரும். ஆர்டர் கணக்குல எடுத்தா தீபாவளி மாசம் கை கடிக்கும். ஆள் கணக்குல எடுத்தா சீசனுக்கு எடுக்கிற தற்காலிக ஆளுங்களுக்கும் காசு கேப்பாங்க, உடனே எல்லாரும் ஒரே லாகின்ல வேலை பார்க்க ஆரம்பிப்பாங்க, யார் தப்பு பண்ணதுன்னு தெரியாமப் போகும். ஒரே லாகின்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு: துணி பார்ட்டியோட ஆர்டர்ல வாங்குறவங்க பேரு, போன் நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் இருக்கு. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல சட்டமே வந்தாச்சு. அதனால ஆளுக்கு ஒரு லாகின் கண்டிப்பா வேணும், மொத்த லிஸ்ட்டை இறக்குற உரிமை ஒருத்தர் ரெண்டு பேருக்கு மேல வேண்டாம்.

ஸ்கேனர் பிடிக்கிற கை

சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கிறது ஏசி ரூம்ல, அதோட மல்லுக்கட்டுறது தகர ஷீட்டுக்குக் கீழ. நம்ம பக்கத்துக் குடோன்ல பாதிப் பேர் பீகார், ஒடிசா, வங்காளத்துல இருந்து வந்த பசங்க. உள்ளூர்ப் பெண்களுக்குத் தமிழ் வேணும், அந்தப் பசங்களுக்கு இந்தி வேணும். திரை ஆங்கிலத்துல மட்டும் இருந்தா ‘ஓகே’ பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு எதையும் படிக்காம அமுக்கிட்டே போவாங்க. டெமோவுக்கு உன் சூப்பர்வைசரையும் பிக்கிங் பண்ற ஒரு பொண்ணையும் கூட்டிட்டுப் போ. அவ கையில கருவியைக் கொடு. ஒரு பெட்டியை எடுத்து வைக்க எத்தனை தடவை அமுக்க வேண்டியிருக்குன்னு பக்கத்துல நின்னு எண்ணு. அவ முகம் சுளிச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், கேட்டுத் தெரிஞ்சுக்கோ.

செல்போன் கேமராவுல ஸ்கேன் பண்ணலாம்னு மிச்சம் பிடிக்கச் சொல்லுவாங்க. ஆபீஸ்ல நாலு பெட்டிக்கு அது சரி. நாள் முழுக்க அடிக்கிற இடத்துல, வெளிச்சம் குறைஞ்ச ரேக்குக்கு நடுவுல, தனி ஸ்கேனர் உள்ள ஆண்ட்ராய்டு கருவிதான் தாங்கும். ஜீப்ரா, ஹனிவெல் மாதிரி கம்பெனிங்க இதையே தொழிலா பண்றாங்க. உபரி பேட்டரி வாங்கிக்கோ. ரேக் பின்னுக்கு ஒட்டுற லேபிளை ரிப்பன் போட்டு அடிக்கிற பிரிண்டர்ல அடி. ரிப்பன் இல்லாத லேபிள் நம்ம ஊர் சித்திரை வெயில்ல வெளுத்துப் போய் ஸ்கேனரால படிக்க முடியாது.

வைஃபை சோதனையைக் காலிக் குடோன்ல பண்ணிட்டுப் போயிடுவாங்க. சரக்கு நிறைஞ்சப்புறம் பண்ணச் சொல்லு. இரும்பு ரேக்கும், ஷாம்பு மாதிரி தண்ணியா இருக்கிற சரக்கும் சிக்னலைத் தின்னுடும். நெட் போனா கருவி கொஞ்ச நேரமாவது தானே பதிஞ்சு வச்சுக்கிட்டு, வந்ததும் அனுப்புதான்னு பார்க்க, டெமோ நடுவுலயே வைஃபையை நிறுத்திடு. சர்வரை ஆபீஸ்ல வைக்கிறதைவிட கிளவுடுல எடுக்கிறதுதான் உனக்கு நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் நம்ம ஊர். தரைத்தளத்துல கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு ஸ்டாக் கணக்கைப் பணயம் வைக்க வேண்டாம். ஆனா அதே புயல்ல நெட்டும் போகும், அதனால ரெண்டு வேற வேற கம்பெனியோட இணைப்பு வச்சுக்கோ, ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் கொடு.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டேல்ல

பேரு சொல்லியே சொல்றேன். எஸ்ஏபி இடபிள்யூஎம், மன்ஹாட்டன், புளூ யாண்டர் எல்லாம் பெரிய பெரிய குடோன்களுக்கு. நல்ல சரக்குதான், ஆனா அமைக்கிறதுக்கே தனிப் படை வேணும். நாலு பார்ட்டிக்கு அந்தச் செலவு தாங்காது. யூனிகாமர்ஸ், இன்கிரீஃப், வின்குலம், ஈஸிஈகாம் நம்ம நாட்டுக் கம்பெனிங்க. ஆன்லைன் விற்பனைத் தளங்களோட இணைப்பு இவங்களுக்குக் கைவந்த கலை, உன் துணி பார்ட்டிக்கு அது பெரிய வசதி. பேலட் வாடகை, கூலி வேலை பில்லிங் இவங்ககிட்ட உனக்கு வேண்டிய ஆழத்துல இருக்கான்னு மேல சொன்ன கணக்கை வச்சுச் சோதி. அமெரிக்காவுல இருக்கிற எக்ஸ்டென்சிவ், முன்னாடி 3பிஎல் சென்ட்ரல்னு பேரு, நம்ம மாதிரி தொழிலுக்குன்னே எழுதினது. பில்லிங் அதோட உயிர். அதுல எம்ஆர்பி, ஜிஎஸ்டி, இ-வே பில்லு எப்படின்னு கேக்காம நெருங்காதே. இவங்க யாரும் இல்லாம, சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ சின்னக் கம்பெனி எழுதித் தர்றேன்னு வந்தா வேண்டாம்னு தள்ளிடாதே. கூப்பிட்ட உடனே வந்து நிக்கிறவங்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனா எழுதின ஒரே ஒரு பையன் வேலையை விட்டுப் போனா யார் பார்ப்பாங்கன்னு நேராவே கேளு.

ஒருவேளை நாலு பார்ட்டி இல்லாம, நீ ஒரே பார்ட்டியோட இருந்திருந்தா, அவங்க சிஸ்டத்துலயே வேலை பாருன்னுதான் சொல்லியிருப்பேன்.

கடைசி ரெண்டு கம்பெனின்னு சுருக்கினதும், அவங்க சாஃப்ட்வேர் ஓடுற ஒரு குடோனை நேர்ல போய்ப் பாரு. காலையில கூப்பிடுவாங்க, போகாதே. டிஸ்பாட்ச் நேரத்துல, சாயங்காலம் போ. முதலாளிகிட்ட ரொம்பப் பேச வேண்டாம், அவர் வாங்கினதை விட்டுக் கொடுக்க மாட்டார். பில்லு போடுற பொண்ணு மேஜையைப் பாரு. பக்கத்துல எக்ஸெல் திறந்திருந்தா, அது எதுக்குன்னு சிரிச்சுக்கிட்டே கேளு. சூப்பர்வைசர் பாக்கெட்ல சின்ன நோட்டு இருந்தா அதுல என்ன எழுதுறார்னு கேளு. சாஃப்ட்வேரால செய்ய முடியாததெல்லாம் அந்த நோட்டுலதான் இருக்கும்.

கையெழுத்துப் போடும்போது

டேட்டா நம்மளதுன்னும், எப்போ கேட்டாலும் முழுசா எக்ஸெல்லாவோ சிஎஸ்வியாவோ தரணும்னும், விலகினாலும் தரணும்னும் எழுதி வாங்கிக்கோ. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும். சாஃப்ட்வேர் மாத்தினா பழைய ஆறு வருஷம் எங்கயோ மாட்டிக்கக் கூடாது. சப்போர்ட் ராத்திரி எத்தனை மணி வரைக்கும்னு கேளு; காலை பத்துல இருந்து ஆறு வரைக்கும்னா நமக்கு அது உதவாது. ரெண்டாவது வருஷம் விலை எவ்வளவு ஏறலாம்னு ஒரு எல்லை வை. பணத்தைத் தவணையாக் கொடு. கடைசித் தவணையை, நாலு பார்ட்டிக்கும் முதல் மாச பில்லு சரியா வந்து, பார்ட்டி ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் கொடுக்கணும். இதுக்கு அவங்க முகம் கோணும். பரவாயில்லை, பிடிவாதமா இரு.

ஆரம்பிக்கிற தேதியை மார்ச் மாசத்துலயோ, மாசக் கடைசியிலயோ, ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவுலயோ வைக்காதே. மாசத்தோட ரெண்டாவது வாரம் நல்லது. அதுக்கு முன்னாடி ரேக்குக்கெல்லாம் பேரு வச்சு, ஸ்டாக்கை முழுசா எண்ணி, பெட்டியோட நீள அகல எடை எடுத்து ஏத்தணும். பெட்டிக்கு எத்தனை பாக்கெட், பாக்கெட்டுக்கு எத்தனை பீஸ்ங்கிறதை ஒரு பெட்டியைப் பிரிச்சே எண்ணு. பார்ட்டி கொடுக்கிற லிஸ்ட்ல ஸ்கீம் பேக் வேற எண்ணிக்கையில இருக்கும். எண்ணும்போது பார்ட்டியோட ஆளும் நின்னு கையெழுத்துப் போடணும். பழைய குறைவு நிறைவெல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சுடு, புது சாஃப்ட்வேருக்குள்ள அதைக் கொண்டு போகாதே.

நாலு பார்ட்டியையும் ஒரே நாள்ல ஏத்த வேண்டாம். பிஸ்கட்டுல ஆரம்பி. ஐட்டம் குறைவு, பெட்டி பெட்டியாத்தான் போகும், பார்கோடு ஒழுங்கா இருக்கும், எக்ஸ்பைரி பழக்கமும் ஆளுங்களுக்கு அங்கயே வந்துடும். அடுத்தது சோப்பு. ஸ்பேர் பார்ட்ஸ்ல பாதிக்கு பார்கோடே இருக்காது, நாமதான் லேபிள் ஒட்டணும், அதுக்கு மூணாவது இடம். துணி கடைசியா, ரிட்டர்ன் தொல்லை அதுலதான் அதிகம். திரும்பி வந்த துணியை நல்லது, கறை, கிழிசல், மாறி வந்ததுன்னு தனித்தனியா வைக்கவும் அந்த வேலையைப் பில்லுல ஏத்தவும் ஆளுங்க பழகியிருக்கணும். அந்தப் பார்ட்டியோட ஐட்டம் லிஸ்ட் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. சைஸையும் கலரையும் தனித்தனிக் கட்டத்துல எழுதியிருக்காங்களா, இல்லை பேரோட சேர்த்து எழுதியிருக்காங்களான்னு நான் பார்த்துச் சொல்றேன்.